ஆறு நாழி நெல்

கல்லூரி இருந்த ஊர் இது என்றால், கேட்போர் நகைப்பர். கற்பாறைக் குன்றுகள், மல்லாட்டைக் கொல்லைகள், கொளுத்தும் வெயில். எண்ணாயிரத்தில் இன்று கண்ணிற்படுவன இவை. விழுப்புரத்துக்கு வடக்கே உள்ள இச்சிற்றூர், ஆயிரம் ஆண்டுகட்கு முன் இராசராச சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடன் பெருமிதத்தோடு விளங்கிற்று.

திண்டிவனத்திலிருந்து என் வகுப்பு மாணவரை அழைத்துச் சென்றேன். குன்றிலே சமணர் படுக்கைகளைக் கண்டோம். கல்லே பஞ்சணையாய்க் கருத்து வளர்த்தவர்கள் அவர்கள்! பிறகு அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில். அங்கு, முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு. கல்லூரியில் நான் படித்தபோது அதை எண்ணிப் பூரித்ததுண்டு. 340 மாணவர், 14 ஆசிரியர், 45 வேலி நிலம்! எத்துணைப் பெரிய அறச்செயல்!

மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். இளைய மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல். மூத்தவர் 70 பேருக்குப் பத்து நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இளையவர்க்கு மட்டுமே நாள்தோறும் ஏறத்தாழ 17 கலம் என்று கண்டுபிடித்தான் ஒருவன். அவன் தந்தை கூலிக்குக் கரும்பு வெட்டுபவர். கணக்கை முடித்தவன் என்னை நிமிர்ந்து நோக்கினான்.

"ஐயா, அந்த நிலத்தை உழுதவர் பிள்ளைகளுக்கு எத்தனை நாழி?"

பாடநூல் கேட்காத கேள்வி! இருக்குக்கு 75 பேர், யசுருக்கு 75 பேர், இலக்கணத்துக்கு இத்தனை, மீமாம்சைக்கு இத்தனை, வேதாந்தத்துக்குப் பத்து என்று எண்ணி எண்ணி வெட்டிய கல்லில், ஏர் பிடித்தவன் மகனுக்கு இடமில்லை. வேதம் ஓதும் உரிமையைப் பிறப்பு வரையறுத்திருந்தது. நெல்லை விளைவிக்கும் கடமையையும் அதுவே வரையறுத்தது. கலை வளர்த்த காவலனைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. நான் பூரித்தபோது இதை நினைக்கவேயில்லை என்பதுதான் என்னைச் சுடுகிறது.

ஏனெனில் நானும் ஏர் பிடித்தவர் வழியில் வந்தவன். 1953-இல் அரை நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோர் தொழில் என்ற திட்டம் வந்தபோது என் பாட்டனார் மாடு மேய்த்த சிறுவர். முழு நாளும் அவருக்குப் பெற்றோர் தொழில்தான்! எதிர்ப்பு மூண்டது, 1954-இல் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. 1956-இல் பகலுணவும் வந்தது. பாட்டனார் பள்ளிக்குப் போகவில்லை. அவர் தம்பி அந்தச் சோற்றை நம்பிப் போனார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்திட்ட கை அவருடையது. ஆறு நாழி நெல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

இதைச் சொல்லி முடித்தேன். சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தனர் பிள்ளைகள். கேள்வி கேட்டவன் மட்டும் சுவரருகே நின்று, புரியாத அந்த எழுத்துக்களின்மீது விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஐயா, இது 'ட' தானே?" என்றான்.