ஆத்துல தண்ணி இருக்கும்போதே

நத்தை ஓடு காலைக் கிழிப்பதை எந்த விவசாயியும் கணக்கில் எடுத்துக்க மாட்டான். சேற்றில் இறங்கினால் கிழிக்கத்தான் செய்யும். மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு அப்படி வந்த காயம் நாற்பது நாளாகியும் ஆறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாத சராசரி சர்க்கரை 9.6. அது 6.5 வந்தாலே சர்க்கரை நோய்தான். எடை 91 கிலோ. வயசு 44.

எங்க அப்பாவுக்கும் காலில்தான் ஆரம்பித்தது. முதலில் கட்டை விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. கடைசி மூணு வருஷம் திண்ணையில் உட்கார்ந்தபடியே வயலை விசாரிப்பார். "மடையைத் திருப்பிட்டியாடா?" என்று அவர் கேட்டால், பொய்யாவது "ஆச்சுப்பா" என்று சொல்லிவிடுவேன்.

"வயல்ல வேலை செய்றவங்களுக்குமா சுகர்?" என்று சென்னை நண்பர்கள் கேட்கிறார்கள். 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு. நானும் முதலில் உங்களை மாதிரிதான் நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், வயலில் வேலை செய்கிறவன் நான் எங்கே? உழுவது டிராக்டர், நடுவது பாதிக்கு மிஷின், அறுப்பது மிஷின், தண்ணி இறைக்கிறது மோட்டார். நான் பைக்கில் போய் வரப்பில் நின்று போன் பேசிவிட்டு வருகிறேன். சோறு மட்டும் தாத்தா காலத்து அளவு, மூணு வேளையும்.

அக்கா மகன் சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறான். டிரையத்லான் பைத்தியம். "மாமா, எங்கூட ஆரம்பிங்க"ன்னான். 1978ல் ஹவாய்த் தீவில், நீந்துகிறவன், சைக்கிள் மிதிக்கிறவன், ஓடுகிறவன் இதில் யார் கெட்டி என்று வந்த வாக்குவாதத்தில், ஒரு கடற்படைக்காரர் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டாராம். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்திருக்கிறார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், கடைசியில் 42.2 ஓட்டம். 180 என்றால், குத்தாலத்திலிருந்து திருச்சி போய், திரும்பி தஞ்சாவூர் வரைக்கும் வருகிற தூரம். அதுக்கப்புறம் ஓடணும்! அயர்ன்மேன்னு பேர் வைத்ததில் தப்பே இல்லை.

நான் ஆரம்பித்தது நடையில். மூணாவது மாசம்தான் ஓட்டம், அதுவும் ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் நடுவில். டீக்கடையில் "என்ன, பைக்க வித்துட்டியா?" என்றார்கள். அது பரவாயில்லை. நடவு வயலில் குனிந்து நிற்கிற பொம்பளைங்க முன்னால் ஷூ போட்டுக்கொண்டு ஓடுவதுதான் கூச்சமாக இருந்தது. அவங்க காலையிலிருந்து முதுகு ஒடிய நடுகிறார்கள், நான் தின்ற சோற்றைக் கரைக்க ஓடுகிறேன். இந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

நீச்சல் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆற்றங்கரைப் பயல்தானே. முகத்தைத் தண்ணிக்குள் வைத்து நூறு மீட்டர் போவதற்குள் நெஞ்சு அடைத்துக்கொண்டது. சின்ன வயசில் நாங்கள் செய்தது குதிப்பும் கும்மாளமும்தான். தவிர, காவிரி வருஷம் முழுக்கக் கிடைக்காது. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் ஜனவரி 28ல் மூடுவார்கள், அதுவும் மழையைப் பொறுத்து. மத்த மாசமெல்லாம் மணல். அதனால் தண்ணி இருக்கும்போது நீச்சல், இல்லாதபோது சைக்கிள்.

ஒருநாள் பூம்புகார் சாலையில் மேலையூர் தாண்டியதும் கை கால் நடுங்க ஆரம்பித்தது. வேர்வை கொட்டுது, கண் இருட்டுது. சாலையோரம் உட்கார்ந்து பையிலிருந்த வெல்லத்தைத் தின்றுதான் எழுந்தேன். வேலை செய்கிற தசை இன்சுலின் தயவு இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதோடு மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார், பிறகு நிறுத்தினார். நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணிக்குள் அந்த நடுக்கம் வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

இரண்டு வருஷத்தில் 9.6 என்பது 6.2 ஆனது. எடை 74. இன்னொரு மாத்திரை இன்னும் இருக்கிறது.

கோவாவில் 2019லிருந்து இதன் பாதித் தூரப் போட்டி நடக்கிறது. மருமகன் பணம் கட்டவே தயார். ஆனால் அது வருவது அக்டோபர், நவம்பரில். சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகிற நேரம். வடிகால் அடைத்துக்கொண்டால் நாற்று அழுகிவிடும். கோவாவில் நின்றுகொண்டு யாருக்குப் போன் போடுவது?

போன ஆவணியில், குறுவை பால் பிடித்து நின்றபோது, இங்கேயே செய்துவிடலாம்னு முடிவு பண்ணினேன். காலை 5:30. படித்துறையிலிருந்து நீரோட்டத்தோடு 1.9 கிலோமீட்டர். கொஞ்சம் ஏமாற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். தம்பி மகன் லாரி டியூப்பில் பின்னாலேயே வந்தான். அப்புறம் பூம்புகார் போய்த் திரும்பி, ஆடுதுறை வரை ஒரு சுற்று, ஏறக்குறைய 90. கடைசி 21 வாய்க்கால் கரையில். ஓட்டம் என்று சொல்லக்கூடாது, பாதி நடை.

முடித்தபோது 2:50. மொத்தம் 9 மணி 20 நிமிஷம். மருமகன் போனில் சிரித்தான். "மாமா, அங்க எட்டரை மணி நேரம்தான். உங்கள எப்பவோ தூக்கி வெளில போட்டிருப்பாங்க."

வாய்க்கால் கரையிலேயே மல்லாந்து கிடந்தேன். எங்க வயலில் களை பறிக்கிற அக்கா ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்தார். "படுத்தது போதும் தம்பி. கீழ வயலுக்குத் தண்ணி ஏறல, போயி என்னான்னு பாரு."

ஷூவைக் கழற்றினேன். இப்போதெல்லாம் வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதில்லை. கம்பூட்டை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, மடையைத் திருப்பப் போனேன்.