அ-பதிவேட்டில் ஒரு பெயர்

பஞ்சமி நிலம் பற்றி மேடையில் பேசுவோர் நிறைய. நிலக்கோட்டைப் பக்கம் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து தகவல் உரிமை மனு எழுதித் தருவதைப் பார்த்ததிலிருந்து, எனக்கு அவர்கள்மேல்தான் நம்பிக்கை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு. கேட்பது கிராமத்து நிலப் பட்டியலான அ-பதிவேட்டின் நகல். எந்தச் சர்வே எண் நிபந்தனை நிலம் என்று அதில் பிடிக்க முடியும்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் வந்த ஆணைப்படி, இன்றைய பட்டியல் சாதியினருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலமே பஞ்சமி நிலம். அதைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது. எத்தனை கைமாறியிருந்தாலும் அரசு மீட்கலாம். இது தெரியாமல், பாட்டன் நிலத்திலேயே கூலிக்குக் களையெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

"எங்க அப்பாரு பேரு இருக்கா தாயி?" என்றார் ஒரு பாட்டி. வந்த நகலில் மாணவி விரல் வைத்து வரிவரியாகத் தேடினாள். இருந்தது!

அடுத்தது தாசில்தாருக்கு மீட்பு மனு. திண்டுக்கல், மதுரை சட்ட மாணவர்களே, கைகொடுங்கள்.