பெக்ஸ் தின்ற புள்ளி

பெக்ஸ் இயந்திரத்துக்கு எழுத்துத் தெரியாது. தாளை மெல்லிய கிடைவரிகளாக அரிந்து, ஒவ்வொரு வரியிலும் வெள்ளை எவ்வளவு நீளம், கறுப்பு எவ்வளவு நீளம் என்று மட்டும் மறுமுனைக்குச் சொல்லும். 1843இல் அலெக்சாண்டர் பெயின் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு அதன் அடிப்படை இதுதான். இந்த அறியாமையே நமக்கு வாய்ப்பாக அமைந்தது. அதற்கு முன்பிருந்த டெலெக்ஸ் ஐந்து பிட் குறியீட்டில் ஓடியது. அதன் 32 சேர்க்கைகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அடங்கின, தமிழுக்கு இடமிருக்கவில்லை. கணினி வந்த பிறகும் பாமினியில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் திறந்தது. யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ கையால் எழுதிய தமிழ் மனுவை அப்படியே கொழும்புக்கு அனுப்ப பெக்ஸ் போதுமாயிருந்தது. ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகளோடு மல்லாடிய ஜப்பானியர் இந்தத் தொழிலில் முன்னோடிகளானதற்கும் இதே காரணம்தான்.

ஆனால் படம் என்றாலே எல்லா எழுத்துக்கும் சம நீதி என்று எண்ணிவிடக் கூடாது. 1980இல் வகுக்கப்பட்ட மூன்றாம் குழு பெக்ஸ் நியமம், ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்துக்குள் அனுப்ப வழிசெய்தது. அதன்படி கிடையாக ஒரு வரிக்கு 1728 படப்புள்ளிகள், அதாவது மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ எட்டு. நெடுக்கில் கணக்கு வேறு. ‘ஸ்டாண்டர்ட்’ என்ற நிலையில் மில்லிமீற்றருக்கு 3.85 வரிகள், ‘ஃபைன்’ என்றால் 7.7. பொத்தானைத் தொடாவிட்டால் இயந்திரம் பெரும்பாலும் முதலாவதில்தான் நிற்கும். ஃபைனில் வரிகள் இரட்டிப்பாகும், நேரமும் கூடும், வெளியூர் அழைப்புக் கட்டணமும் ஏறும். கொமினிகேஷன் கடைக்காரர் அதை அழுத்தாததில் வியப்பில்லை. ஸ்டாண்டர்டில் இரண்டு வரிகளுக்கு இடையே 0.26 மில்லிமீற்றர். சாதாரண அச்சில் நம் மெய்யெழுத்தின் புள்ளியோ அரை மில்லிமீற்றரைத் தாண்டுவதே அரிது. ஆக அதன் மேல் ஒரு வரி விழும், அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு. மை வெளிறியிருந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆங்கில ‘ஐ’ தன் தலைப்புள்ளியை இழந்தாலும் ‘ஐ’யாகவே இருக்கும். தமிழில் கல்வி புள்ளியை இழந்தால் என்னவாகும் என்பதைக் கல்வித் திணைக்களத்துக்கு எழுதுகிறவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். பழியைத் தொலைபேசிக் கம்பியில் போடவும் முடியாது. வெள்ளை, கறுப்பு நீளங்களைச் சுருக்கும் ஹஃப்மன் குறியீடு எதையும் தொலைப்பதில்லை. கம்பியின் இரைச்சலைத் திருத்தப் பின்னாளில் தனி முறையே சேர்க்கப்பட்டது. புள்ளி தொலைவது தாளை வருடும் அந்தக் கணத்தில். தொலைந்த பிறகும் அறிக்கைத் துண்டில் ‘ஓகே’ என்றே அச்சாகும். பக்கம் போய்ச் சேர்ந்ததற்குத்தான் அது சாட்சி.

ஓலைச்சுவடியில் புள்ளியே இடாமல் எழுதினார்களே, படித்தவர்கள் படித்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ் அறிந்தவருக்கு வாக்கியத்தின் போக்கே புள்ளியை ஊகித்துக் கொடுத்துவிடும். பெயருக்கு அந்தத் துணை கிடையாது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் சப்ரகமுவ அலுவலகங்களில் தமிழ்க் கடிதம் பல வேளை தமிழை எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கக்கூடிய ஒருவர் கைக்குப் போகிறது. ‘செல்வம்’ அவருக்கு ‘செலவம’ என்று வந்தால், சிங்களத்தில் அப்படியே எழுதிக்கொள்வார். அவர் மேல் குற்றமில்லை. ஊழியர் சேமலாப நிதியக் கணக்கில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக நிற்கிற தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஓர் எழுத்து எத்தனை சத்தியக் கடதாசி கேட்கும் என்பது தோட்ட ஆபீஸ் கிளாக்கர்மாருக்குத் தெரியும். எல்லாப் பிழையும் பெக்ஸால் வந்தது என்று சொல்ல வரவில்லை. பிழைக்கு ஏற்கெனவே நூறு வாசல் திறந்திருக்கும் இடத்தில் இன்னொன்றைத் திறந்து வைப்பானேன்?

பெக்ஸ் போய்விட்டதே, யூனிகோட் வந்துவிட்டதே என்பார்கள். யூனிகோடில் அடித்த கடிதத்துக்கு இந்தக் கவலை இல்லை. தேடலாம், பிரதி எடுக்கலாம், அந்த மேன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் கையொப்பமும் முத்திரையும் விழுந்த கடிதம் இன்றும் வருடப்பட்டோ கைபேசியில் படமெடுக்கப்பட்டோதான் போகிறது. கறுப்பு வெள்ளையில் வருடிய பிடிஎஃப் கோப்புகள் பலவற்றுக்குள் 1984இன் நான்காம் குழு பெக்ஸ் குறியீடு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று ஸ்கேனரை அங்குலத்துக்கு 100 வரி என்று வைத்தால், வரி இடைவெளி 0.25 மில்லிமீற்றர், ஏறக்குறைய பழைய ஸ்டாண்டர்ட் பெக்ஸேதான். 300 என்று வைத்தால் 0.085, அதே புள்ளியின் மேல் ஐந்து வரிகளாவது ஓடும்.