இறால் குட்டைக் கரைக்கு ஒரு மூன்று சக்கரம்

மாசி, வியாழன்

ஆம்னியின் கூண்டை வெட்டி எடுத்தாகிவிட்டது. மிஞ்சியவை என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஹவுசிங், பட்டைகள். மாருதி இந்த வண்டியை 1984 முதல் 2019 வரை செய்ததால் கிரவுன், பினியன், ஜாயின்ட் கிராஸ் எதற்கும் அலைய வேண்டாம். முன்னால் புல்லட் ஃபோர்க்.

மச்சானின் குட்டைகளுக்கு நடுவே ஓடும் கரை ஆறடி அகலம். டாடா ஏஸ் நுழைந்துவிடும், மூலையில் திரும்பாது. தீவன மூட்டை இருபத்தைந்து கிலோ. ஒரு நடைக்குப் பத்து மூட்டையாவது போகவேண்டும். பழைய வண்டி செயினில் ஓடியது. ஒரு கல்ச்சர் முடிவதற்குள் உப்புச் சேறு செயினையும் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். ஷாஃப்ட் வண்டியில் பல் எல்லாம் மூடிய ஹவுசிங்குக்குள் எண்ணெயில் கிடக்கும். போதாததற்கு ரிவர்ஸ் கியரும் இருக்கிறது.

மச்சானுக்கு ஓர் ஆசை: இதிலேயே நாகூர் வரைக்கும் போய் வரலாமே என்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சொன்னேன். கம்பெனி செய்த வண்டியின் அடிப்படையையே மாற்றினால் பதிவு செல்லாது. சென்னையில் மீன்பாடி வண்டிக்காரர்கள் பட்ட பாடு ஊரறியும். இங்கே சோதனைச்சாவடி வேறு கூப்பிடு தூரத்தில். இது கரைக்கு மட்டும்தான் மச்சான்!

சனி

அளவு எடுக்கும் நாள். வெறும் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்து டேப் பிடிக்கிறவர்கள் உண்டு. அந்த அளவு எதற்கும் உதவாது. மூட்டை ஏறினால் பட்டை அமுங்கும், ஹவுசிங் சேசிஸை நெருங்கும், ஷாஃப்டின் நீளமும் கோணமும் இரண்டுமே மாறும். சக்கரம் தரையில் நிற்க, பத்து மூட்டையையும் ஏற்றி, ஓட்டுகிற இடத்தில் மச்சானையும் உட்காரவைத்து அளந்தேன். கியர்பாக்ஸுக்குள் போகும் ஸ்லைடிங் யோக்கை முட்டும்வரை தள்ளி, ஓர் அங்குலம் வெளியே இழுத்து, அங்கே சாக்பீஸ் கோடு. அந்த ஓர் அங்குலத்தை விடாமல் பொருத்தினால் முதல் பள்ளத்திலேயே ஷாஃப்ட் கியர்பாக்ஸைப் பின்னாலிருந்து குத்தும்.

சேசிஸைக் குறுக்கியதால் ஷாஃப்டும் குறுக வேண்டும்.

திங்கள்

நாகூர் லேத் பட்டறை. 2009இல் காரைக்கால் துறைமுகம் வந்ததிலிருந்து நிலக்கரி லாரிகளின் ஜாயின்ட் வேலை பட்டறைக்கார பாய்க்கு ஓயவில்லை. லாரி ஷாஃப்ட் பார்த்த கைக்கு இது பொம்மை. எடுத்துப் பார்த்தவர், “நடுவுல வெட்டி ஒட்டச் சொல்லாதீங்க தம்பி, அதை நான் செய்ய மாட்டேன்” என்றார். யோக் பக்கத்து வெல்டை லேத்தில் கடைந்து கழற்றினார். குழாயைக் குறைத்து யோக்கை மறுபடி அடித்து, நாலு இடத்தில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, டயல் கேஜ் போட்டுச் சுற்றிப் பார்த்தார். கோணல் அரை மில்லிமீட்டருக்குள் வந்த பிறகுதான் முழு வெல்டு.

வெட்டுவதற்கு முன் அவர் செய்த முதல் காரியம், இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கும்படி குழாய் நெடுகக் கோடு கீறியது. காரியம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். 20 டிகிரிக் கோணத்தில் 1000 சுற்று கொடுத்தால் 940க்கும் 1064க்கும் நடுவே ஆடும். 10 டிகிரி என்றால் 985க்கும் 1015க்கும் நடுவே. பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இதைக் கவனித்திருக்கிறார். மருந்தும் எளிது: பின் ஜாயின்ட்டும் அதே கோணத்தில், யோக்குகள் ஒரே தளத்தில் இருந்தால், முதல் ஜாயின்ட்டின் ஆட்டத்தை இரண்டாவது அழித்துவிடும். யோக்கைத் தொண்ணூறு டிகிரி திருப்பி அடித்தால் இரண்டு ஆட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். அப்புறம் எத்தனை கிராஸ் மாற்றினாலும் அதிர்வு போகாது. “கிராஸ் டூப்ளிகேட்டுப்பா” என்று கடைக்காரரைத் திட்டுகிற பாதிப் பேருக்கு வியாதி இதுதான்.

பேலன்சிங்குக்கு அனுப்பவில்லை. டிஃபரன்ஷியல் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டை ஐந்து சுற்று சுற்றினால் மறு சக்கரம் இரண்டு சுற்று வரும். அதைப் பாதியாக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும். கரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1000 சுற்றுப் பக்கம். நெடுஞ்சாலையில் போகிற வண்டியென்றால் பேலன்சிங் இல்லாமல் தொடமாட்டேன். இதற்கு அது வீண் செலவு.

புதன்

ரசமட்டமும் கோணமானியும். கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஆனால் என்ஜின் இழுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே தூக்கும். அதற்காக நிற்கையில் 2 டிகிரி கீழ்நோக்கி வைத்தேன். 60 மில்லிமீட்டர் நீள ஆப்புத் தகட்டில் அது 2 மில்லிமீட்டர் தடிப்பு வித்தியாசம்தான். மூட்டை ஏற்றியபின் ஜாயின்ட் கோணம் 5 டிகிரி வந்தது. ஒரே நேர்கோட்டில் நின்றாலும் கெடுதல்தான்: கிராஸ் கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் இடித்துத் தடம் பதித்துவிடும்.

முன் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஷாஃப்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். “இது எதுக்கு மாமா, அழகுக்கா?” என்று மச்சான் பையன் கேட்டான். முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் ஊன்றி வண்டியையே தூக்கி எறியும். ஓட்டுகிறவன் உட்காருவது அதன் நேர் மேலே. வளையம் இல்லாமல் சாவி தரமாட்டேன்.

வெள்ளி

சாயங்காலம் மூட்டையோடு கரையில் விட்டோம். இரண்டாம் கியரில் அதிர்வு இல்லை. திரும்பி வந்ததும் கிராஸ் கப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடு, எட்டும் ஒரே மாதிரி. ஏதாவது ஒன்று மட்டும் சுட்டால் அந்தக் கப்பின் லாக்கைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும். நிப்பிளில் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒருமுறை, குட்டைத் தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே.

ஏரேட்டர் மோட்டாரையும் இதிலேயே ஏற்றலாமா என்கிறார் மச்சான். ஏற்றலாம், முதலில் பின் டிரம் இரண்டுக்கும் பிரேக் குழாய் போடட்டும்.