கட்டாத வரிக்குக் கவலை

ஒஸ்லோ, செப்டம்பர் 2025



2025 நோர்வேத் தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை மச்சானோடு சாமான் வாங்கப் போனேன். எங்கள் தமிழ்ச் சனம் கூடுதலாக இருக்கிற குரூருட் பள்ளத்தாக்கில் ஒரு கடைத்தொகுதி. அதன் வாசலில் கட்சிக்காரர் வரிசையாகச் சின்னக் கொட்டில்கள் போட்டு நின்றார்கள். தொழிற்கட்சிக் கொட்டிலில் ஒரு பெட்டை போகிற வருகிற எல்லாருக்கும் சிவப்பு ரோசாப்பூ நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டிலில் கோப்பியும் வாபிளும். மச்சான் பஸ் ஓட்டுகிறவன். பூவை வாங்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டையிடம் நேரே கேட்டான்: “சொத்து வரியை எப்ப நிப்பாட்டப் போறியள்?”

அவள் ஒரு வயதான அம்மாவைக் கூப்பிட்டாள். முன்பு பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவராம். அவர் கைப்பேசியை எடுத்தார். “உங்கள் வீடு என்ன விலை போகும்?” என்று கேட்டார். மச்சான் நாற்பத்தெட்டு இலட்சம் குரோனர் என்றான். “நீங்கள் குடியிருக்கிற வீடென்றால் அதில் கால் பங்கைத்தான் சொத்தாக எண்ணுவோம். பன்னிரண்டு இலட்சம். வங்கிக் கடன் எவ்வளவு மிச்சம்?” இருபது இலட்சம். “அப்படியென்றால் உங்கள் சொத்து பூச்சியத்துக்கும் கீழே. ஒருவருக்கு 17.6 இலட்சம் வரை வரியே இல்லை, கணவன் மனைவி என்றால் 35.2 இலட்சம். அதற்கு மேலே போனால்தான் நூற்றுக்கு ஒன்று. நீங்கள் ஒரு குரோனும் கட்டவில்லை, கட்டப் போவதுமில்லை” என்று திரையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மச்சான் திரையைப் பார்த்தான். வாபிளைக் கடித்தான். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னான்: “அது சரி, இண்டைக்கு அவையளிட்டை வாங்கினா நாளைக்கு எங்களிட்டையும் வருவினம். உனக்குத் தெரியாது.”

அன்றிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் இந்த மாத மடல் வரியைப் பற்றி.

இந்த முறை நோர்வேத் தேர்தலில் சனம் கதைத்ததெல்லாம் காசைப் பற்றித்தான். சாப்பாட்டு விலை, மின்சாரக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக இந்தச் சொத்து வரி. 1892ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற வரி இது. வலதுசாரிகள் சொல்வது, கம்பனி நட்டத்தில் போனாலும் முதலாளி வரி கட்ட வேண்டியிருக்கிறது, அதற்காகக் கம்பனிக் காசையே வெளியே எடுக்கிறான், வெளிநாட்டுக்காரனுக்கோ அந்தத் தொல்லை இல்லை என்று. இடதுசாரிகள் சொல்வது, சம்பளக்காரன் மாதா மாதம் கட்டுகிறான், பெரும் பணக்காரன் வருமானத்தைக் கம்பனிக்குள்ளேயே பூட்டி வைக்கிறான், இந்த வரியும் இல்லாவிட்டால் அவன் கொஞ்சமும் கட்டமாட்டான் என்று. தொழிற்கட்சி தலைமையிலான அரசு வீதத்தைக் கூட்டியதும் ஷெல் இங்கே ரொக்கெ என்ற கோடீசுவரர் 2022இல் சுவிற்சர்லாந்தின் லுகானோவுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் போனார்கள். சுவிற்சர்லாந்திலும் சொத்து வரி உண்டு என்பதுதான் பகிடி. வீதம் குறைவு, அவ்வளவுதான். வட நோர்வேயில் போ என்றொரு சின்ன ஊர். அதன் ஊராட்சி 2021இல் வரியில் தன் பங்கைக் குறைத்து, “பணக்காரரே, எங்களிடம் வாருங்கள்” என்று அழைத்தது. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. நாட்டைவிட்டுப் போகிறவர் பங்குகளில் சேர்த்த இலாபத்துக்கு வரி கட்ட வேண்டும் என்ற விதியை 2024இல் இறுக்கியது.

இதையெல்லாம் நோர்வேக்காரர் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கதைக்கிறார்கள், ஆனால் காற்றில் கதைப்பதில்லை. ஆளாளுக்கு எண்கள் வைத்திருக்கிறார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஊரில் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இந்த நாட்டில் யார் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு சொத்து வைத்திருக்கிறார், எவ்வளவு வரி விதிக்கப்பட்டது என்ற மூன்று தொகையும் பொதுச் சொத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பட்டியலை ஊர் மண்டபத்தில் வைத்து வந்தார்கள். விருப்பமானவர் போய்ப் புரட்டலாம். இப்போது வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உங்கள் அடையாளத்தோடு உள்நுழைந்து, தேடுகிற ஆளின் பெயரைப் போட வேண்டும். ஒரே பெயரில் பலர் இருந்தால் பிறந்த ஆண்டும் ஊரும் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அயல்வீட்டுக்காரர், மேலதிகாரி, முன்னாள் காதலி, பிரதமர், யாரையும் தேடலாம். மாதத்துக்கு 500 தேடல் வரை அனுமதி. மூன்று தொகையும் வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. எந்த வங்கி, எந்தக் கம்பனி, எங்கே காணி என்ற விபரமெல்லாம் கிடையாது.

முன்பு ஆளுக்கு ஆள் அள்ளிக் கொட்டித் தேடினார்கள். 2014இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். நீங்கள் ஒருவரைத் தேடினால், தேடியது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் தன் பக்கத்துக்குள் போனால் உங்கள் பெயர் அங்கே இருக்கும். அவ்வளவுதான், தேடல் மளமளவென்று குறைந்துவிட்டது. எங்கள் சனத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கலியாணம் பேசுகிறபோது மாப்பிள்ளையின் தொகையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே! வேலையிடத்து நோர்வேக்காரியிடம் கெஞ்சித் தேடுவித்த ஒரு தாயை எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் பக்கத்தில் இங்கிரிட் என்றோ ஆஸ்திரிட் என்றோ ஒரு வெள்ளைக்காரியின் பெயர் கிடக்க, அந்த வீட்டில் வேறு மாதிரிச் சந்தேகம் கிளம்பியது தனிக் கதை.

பத்திரிகைகள் ஆண்டுதோறும் பட்டியலைப் போடுகின்றன. நாட்டில் ஆகப் பெரிய பணக்காரர் யார், உங்கள் ஊரில் முதல் பத்துப் பேர் யார் என்று. பிரதமர் யூனாஸ் கார் ஸ்தொரெ பரம்பரைப் பணக்காரர் என்பதும், அவரே சொத்து வரி கட்டுகிறவர் என்பதும் இப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். தான் கட்டுகிற வரியை வேண்டும் என்று வாதாடுகிற ஓர் அரசியல்வாதி! எங்கள் இலங்கையில் சொத்து விபரம் கேட்டால் கடித உறைக்குள் போட்டு ஒட்டி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய காலத்தையெல்லாம் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

எங்கள் ஊர்த் தேர்தல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே ஒலிபெருக்கி இல்லை, மதில்களில் சுவரொட்டி இல்லை. தொலைக்காட்சியில் கட்சி விளம்பரத்துக்குச் சட்டமே தடை. அரிசிப் பை கொடுப்பதற்கு வழியே கிடையாது. இருக்கிறது விவாதம்தான். ஒரு கட்சித் தலைவர் “வரியைக் குறைப்பேன்” என்றால், நிகழ்ச்சி நடத்துகிறவர் அடுத்த கேள்வியாக “எதை வெட்டுவீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை விடமாட்டார். பாலர் பாடசாலைக்கு மாதக் கட்டணம் 2025 ஓகஸ்ட்டிலிருந்து 1,200 குரோனருக்கு மேல் வாங்கக்கூடாது என்று ஆக்கினார்கள். அதற்கு எத்தனை கோடி, அது எங்கிருந்து வரும் என்று வேலையிடத்தில் கூட்டித் துடைக்கிற பெண்ணும் கதைக்கிறாள்.

இவர்களிடம் காசில்லை என்று நினைக்காதீர்கள். எண்ணெய் வருமானத்தைச் சேமிக்கிற நிதியம் 2025இல் 20 இலட்சம் கோடி குரோனர் அளவில் நின்றது. சனத்தொகை 56 இலட்சம்தான். பிறந்த குழந்தைக்கும் 35 இலட்சத்துக்குக் குறையாத பங்கு. ஆனால் 2001இலேயே பெரும்பாலான கட்சிகள் ஏற்றுக்கொண்ட ஒரு வரம்பு இருக்கிறது. எதிர்பார்க்கிற வருமானத்தின் அளவுக்குத்தான் ஆண்டுதோறும் எடுக்கலாம். முதலில் அதை நிதியத்தில் நூற்றுக்கு நான்கு என்று கணித்தார்கள். 2017இல் மூன்றாக்கினார்கள். விதை நெல்லைத் தொடாமல் விளைச்சலை மட்டும் சாப்பிடுகிற கமக்காரனின் புத்தி. இவ்வளவு காசுக்கு மேல் இருந்துகொண்டு வீதிச் சுங்கத்துக்கும் மின்சாரத்துக்கும் இவர்கள் மூக்கால் அழுவதைப் பார்க்க எனக்குச் சிலவேளை சிரிப்பு வரும். இங்கே மின்சார விலை கூடினால் அரசாங்கம் மானியம் தரும். ஊரில் எங்கள் வீட்டில் அம்மா மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் குறைத்து வைத்தா.

மச்சானின் கதைக்கு வருகிறேன். நானும் அவனும் எண்பதுகளின் கடைசியில் வந்து, வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். கையுறைக்குள்ளே விரல் விறைத்துப்போகும். முதல் சம்பளத் துண்டில் வரி என்று பிடித்திருந்த தொகையைப் பார்த்துவிட்டு, “இதிலை ஊரிலை ஒரு குடும்பம் மாசம் முழுக்கச் சாப்பிடலாம்” என்று அவன் பொருமினது ஞாபகமிருக்கிறது. அதற்குப் பிறகு அவனுடைய இரண்டு பிள்ளைகளும் படிப்புக் கட்டணம் கட்டாமல் பல்கலைக்கழகம் வரை படித்தார்கள். மூத்தவள் டொக்டர். அவனுக்கு இருதயத்தில் குழாய் வைத்தபோது ஆசுபத்திரியில் பில் என்று ஒன்று வரவேயில்லை. எங்கள் சனத்துப் பிள்ளையான கம்சாயினி குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 2015இல் ஒஸ்லோவின் துணை மேயராகி, 2021இல் பாராளுமன்றத்துக்கும் போனா. அன்றைக்குப் பெருமை தாங்காமல் எல்லாருக்கும் அழைப்பெடுத்தவன் இவன்தான். அப்படிப்பட்டவன் இந்த முறை வாக்களித்தது முன்னேற்றக் கட்சிக்கு. வரியைக் குறைப்போம், வீதிச் சுங்கத்தை எடுப்போம் என்று சொல்கிற கட்சி. வெளிநாட்டுக்காரரைக் குறைப்போம் என்றும் சொல்கிற கட்சி.

அவனை எனக்குப் புரியாமல் இல்லை. அவன் பயப்படுகிறது நோர்வே அரசாங்கத்துக்கு அல்ல, தான் பிறந்து வளர்ந்த நாட்டு அரசாங்கத்துக்கு. வாங்கினால் திருப்பித் தராத அரசாங்கம் ஒன்றைத்தான் அவனுடைய இளமை கண்டது. ஒஸ்லோவில் பஸ் ஓட்டினாலும் அந்தப் பயம் அவனோடு பின் இருக்கையில் ஏறித்தான் வருகிறது.

ஆனால் வரிக்குறைப்பு என்ற வார்த்தைக்கு மயங்குவதற்கு எங்களுக்குத்தான் ஆகக் குறைந்த உரிமை. 2019 நவம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச வென்றார். டிசம்பர் முதலாம் திகதியே பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாக்கினார். சம்பளத்தில் பிடிக்கிற வரியையும் நீக்கினார். கொழும்பில் வெடி கொளுத்தாத குறை. எங்கிருந்து ஈடு செய்வாய் என்று ஒரு தொலைக்காட்சியும் மறித்துக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பிறகு கொரோனா வந்தது, சுற்றுலா படுத்தது, டொலர் வற்றியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று நாடு கைவிரித்தது. வடக்கில் பெரும்பான்மை அவருக்கு வாக்களிக்கவில்லை. ஆனாலும் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளத்தைக் கரையில் விட்டவன் எங்கள் கடற்றொழிலாளிதான். பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றதும் எங்கள் சனம்தான். 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாகத் திரும்பி வந்தது. கடையில் பொருள் வாங்கும் ஏழை விலைக்குள் ஒளிந்திருக்கும் வரியை மறுபேச்சில்லாமல் கட்டுகிறான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

இங்கே நோர்வேயில் தேர்தல் முடிவு என்ன என்று கேட்பீர்கள். 2025 செப்டம்பர் 8ஆம் திகதி தொழிற்கட்சி 28 வீதம் எடுத்து முதலாவதாக வந்தது. முன்னேற்றக் கட்சி போன தடவையைப் போல இரண்டு மடங்காகி, ஏறக்குறைய 24 வீதத்தோடு இரண்டாவது. பழைய வலதுசாரிக் கட்சி 14.6க்கு இறங்க, அதன் தலைவி எர்னா சூல்பர்க் தலைமையைவிட்டு விலகுவதாக அறிவித்தார். 169 ஆசனத்தில் இடது பக்கத்துக் கட்சிகள் ஐந்துக்கும் சேர்த்து 88. ஸ்தொரெ தொடர்கிறார், சொத்து வரியும் இருக்கிறது. எல்லாக் கட்சிகளையும் இருத்தி வரி முறையை ஆராய ஓர் ஆணைக்குழு அமைப்போம் என்று தொழிற்கட்சி தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தது. ஆகவே சண்டை ஓயாது. மச்சான் தோற்றுவிட்டான் என்று நான் சொல்லவில்லை. நாலில் ஒருவருக்குக் கிட்ட அவனைப் போலத்தான் வாக்களித்திருக்கிறார்கள்.

நோர்வேயின் எண்ணெய் எங்களுக்கு வராது. அவர்களுடைய நிதியமும் வராது. ஆனால் அந்த ஆசிரியை அம்மா கைப்பேசியில் போட்டுக் காட்டிய கணக்குக்கு எண்ணெய் தேவையில்லை. அடுத்த தேர்தலில் உங்கள் படலைக்கு வாக்குக் கேட்டு யார் வந்தாலும், தம்பியோ ஐயாவோ, கதிரை போட்டு இருத்துங்கள், தேத்தண்ணி கொடுங்கள். பிறகு இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்குக் காசு எங்கிருந்து வரும்? நீங்கள் எவ்வளவு வரி கட்டுகிறீர்கள்? பதில் சொல்லாமல் எழும்புகிறவருக்கு வாக்குப் போடாதீர்கள்.