பகலில் காட்டும் அருந்ததி

கல்யாண வீட்டில் அம்மி மிதித்ததும் மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டுவார்கள். காலை ஒன்பது மணி வெயிலில். புரோகிதர் வானத்தை நோக்கி விரலை நீட்டுவார், பெண் நிமிர்ந்து பார்ப்பாள், தெரிகிறதா என்றால் தெரிகிறது என்று தலையாட்ட வேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிட்டர் என்று சொல்லும் மீனை ஒட்டியிருக்கும் மங்கலான மீன் அது. சித்திரை, வைகாசி இரவுகளில் கூரம் ஏரிக்கரையில் நின்று வடக்கே பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த மீனின் பெயரைத் தாங்கிய மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு மீனை மட்டும் காட்டுவது தனிக்கதை. இங்கே சொல்ல வந்தது, தெரியாததைத் தெரிகிறது என்று காட்டும் பழக்கம் பற்றி.

எங்கள் படிப்பகத்து ஆட்கள் ஐந்து பேர் பணம் போட்டு, பழைய கேமரா ஒன்றும் ஆட்டம் காணாத முக்காலி ஒன்றும் வாங்கி மூன்று கோடை ஆகிறது. காஞ்சிபுரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில்தான் கூரம். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன அந்த நகரத்தின் வெளிச்சம் எங்களுக்குத் தென்கிழக்கே, வானத்தின் அடியில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும். பால்வீதியின் மையம் எழுவதும் அதே தென்கிழக்கில்தான். மே மாத அமாவாசையில் பத்து மணிவாக்கில் அந்த மஞ்சளுக்குள்ளிருந்துதான் அது மேலே வரும். அதைத் துடைத்துவிட்டால் படம் அழகாகும், ஆனால் கூரமாக இருக்காது.

வெளியூர்ப் புகைப்படக்காரர் ஒருவருடைய 'கூரம் ஏரியின் மேல் பால்வீதி' என்ற படம் கொஞ்ச நாள் எல்லோர் போனிலும் சுற்றியது. மார்கழியில் எடுத்ததாகக் குறிப்பு. ஏரி எங்கள் ஏரிதான். வடகரையின் மேல் பால்வீதியின் மையம் செங்குத்தாக நின்றது. கூரம் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கிருந்து அந்த மையம் எவ்வளவு ஏறினாலும் தெற்கில் 48 டிகிரி உயரத்தோடு சரி, வடக்குப் பக்கம் வரவே வராது. மார்கழியிலோ சூரியனே அந்தத் திசையில் நிற்பதால் மையத்தை இரவில் பார்க்கவும் முடியாது. வானம் வேறெங்கோ எடுத்து ஒட்டியது.

அதைக்கூட விட்டுவிடலாம். வடகரையில் இருக்கும் எங்கள் காலனி வீடுகள், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பங்கள் எதுவும் அந்தப் படத்தில் இல்லை. அங்கே பனைமரங்கள் நின்றன. உற்றுப் பார்த்தால் ஒரே பனை நாலு தடவை. மனிதக் கை படாத கிராமம் என்று அதன் கீழே ஒருவர் பாராட்டியிருந்தார்.

இந்த ஊரில் இது பழைய வழக்கம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியைச் சொல்கிறது. பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவரும் பெரும்பிடுகு என்ற காலையும் சொல்கிறது. வேதம் படித்தவர்களுக்குப் பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு என்று நிலத்தைப் பிரித்து எழுதியிருக்கிறது. ஏரிக்கு மண் வெட்டியவர்கள் பெயர் மட்டும் அதில் இல்லை. செப்பேட்டில் விடுபட்டவர்களுக்குப் பதில் அங்கே பனைமரமாவது வைக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, படங்களை இணைப்பதே பொய்தானே என்கிறார்கள் சில தோழர்கள். அப்படிச் சொல்ல முடியாது. பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. எங்களிடம் இருக்கும் 18 மில்லிமீட்டர் லென்சில் 20 வினாடியைத் தாண்டினால் விண்மீன்கள் கோடாகிவிடும். 15 வினாடியில் எடுத்தால் வானம் வரும், தரை கரியாக இருக்கும். தரை தெரிய மூன்று நிமிடம் வேண்டும், அதற்குள் வானம் இழுபட்டுவிடும். ஆகவே முக்காலியை அசைக்காமல், அதே திசையில், 15 வினாடிப் படங்கள் பதினாறும் உடனே தரைக்கென்று மூன்று நிமிடப் படம் ஒன்றும் எடுக்கிறோம். பதினாறையும் விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கிச் சராசரி எடுத்தால், இருட்டில் மணல் தூவியதுபோல் வரும் இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். பிறகு தொடுவானத்துக்குக் கீழே தரைப் படத்தை வைக்கிறோம். சீக்வேட்டர், சிரில், கிம்ப் என்ற மூன்று மென்பொருட்களும் இலவசம். ஒரே இடம், ஒரே இரவு, ஒரே திசை. அங்கே நின்றவர் கண் இருட்டுக்குப் பழகியபின் ஏறக்குறைய என்ன பார்த்திருப்பாரோ, அதன் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோகத்தான் இத்தனை பாடு.

இந்த வேலைக்கு வயது 160க்கு மேல். 1856, 57 வாக்கில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார். அன்றைய தகட்டில் இரண்டும் ஒருசேர விழாது. அதே லெ கிரே ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களின் மேல் வைத்தும் அச்சிட்டிருக்கிறார். அங்கேதான் எங்களுக்கும் அவருக்கும் வழி பிரிகிறது.

கேமரா தானாகக் கொண்டுவரும் குறையை நீக்கலாம், உலகம் வைத்திருப்பதை நீக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். லென்சை மூடிவிட்டு அதே 15 வினாடியில் சில படங்கள் எடுத்து, சென்சாரின் சூட்டால் வரும் புள்ளிகளைக் கழிப்போம். மின்கம்பி அப்படியே இருக்கும். சென்னை விமானங்கள் இழுக்கும் கோடுகளை என்ன செய்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. போனில் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனில் எடுத்தார். மங்கலில் இல்லாத பள்ளமெல்லாம் போன் படத்தில் வந்தது. புரோகிதர் வேலையைப் போன் செய்கிறது!

மலக்குழியில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு நட்சத்திரம் கேட்கிறதா என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வியின் கோபம் எங்களுக்குப் புரியும். ஆனால் 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோஹித் வெமுலா கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். விண்மீனின் ஒளிக்கற்றையிலிருந்து அதன் வெப்பத்தை அறிய 1920இல் சமன்பாடு தந்த மேக்நாத் சாகா, கல்கத்தா விடுதியில் சாதியின் பேரால் தனியே உண்ண வைக்கப்பட்டவர். கேட்டை மீனின் சிவப்பும் சித்திரை மீனின் நீலவெள்ளையும் அவற்றின் வெப்பத்துக்குச் சாட்சி என்று தெரிந்தபிறகு, அந்த நிறங்களை ஊதா, ரோஜா என்று ஏற்றிவிட எங்களுக்குக் கை வரவில்லை.

வானப் படக்காரர்கள் கூடும் இடத்தில் எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு விளக்கு என்றாலே பகை. லடாக்கில் ஹான்லேயை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஏரிக்கரைப் பாதையில் இரவுப் பணி முடித்து வேன் இறங்கி நடந்து வரும் எங்கள் அக்காமார்களுக்கு இருட்டு அழகில்லை. காலனிக்கு விளக்கு வேண்டும். மேலே மூடி போட்டுக் கீழே மட்டும் ஒளி விழும் விளக்காக இருந்தால் பாதையும் தெரியும், வானமும் கெடாது. இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

கேட்கவும் செய்தோம். எங்கள் தரைப் படத்தில் வடகரையின் ஆறு கம்பங்கள் தெரியும். நாலில் மஞ்சள் வெளிச்சம், இரண்டு இருட்டு. மனுவோடு படத்தை இணைத்துக் கொடுத்தபோது, அலுவலகத்தில் இருந்தவர் முதலில் கேட்டது இது கம்ப்யூட்டரில் செய்ததா என்பதுதான். கேமராவிலிருந்து வந்த பதினேழு மூலக் கோப்புகளையும், எதை எதோடு சேர்த்தோம் என்று எழுதிய ஒரு பக்கத்தையும் மேசைமேல் வைத்தோம். அதற்குப் பிறகு படத்தைப் பற்றி அவர் பேசவில்லை. வன்கொடுமை நடந்த இடத்துக்கு உண்மை அறியும் குழுவில் போகிற மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்கிறார்கள். வானத்தில் ஒரு மேகத்தை ஒட்டியவர் என்று பெயர் வாங்கிவிட்டால், எரிந்த குடிசையை நாம் எடுத்த படத்தை யார் நம்புவார்கள்?

படிப்பகச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. அடியில் தேதி, 11.40 மணி, 16 + 1 படங்கள், ஒரே முக்காலி, தென்கிழக்கு மஞ்சள் காஞ்சிபுரம் என்று எழுதியிருக்கிறோம். அதே இரவில் எடுத்த வடகரைப் படமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கம்பத்தில் இப்போது விளக்கு எரிகிறது, இன்னொன்று அப்படியேதான். அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே இடத்தில் முக்காலி வைக்கிறோம். வருகிற தோழர்கள் டார்ச்சு மேல் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு வாருங்கள்.