லட்டு இல்லை பாஸ்... லடூ!

தேர்தல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் ஃப்ரெண்ட்ஸ்? மைக் செட், கொடி, அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற பாட்டு... அப்படித்தானே? 2024 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டியிருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த மாதம் ப்ரைமரி தேர்தல். ஆனா, தெருவில் துளி சத்தம் இல்லை. வீட்டு முன்னாடி புல்வெளியில், கம்பியில் செருகின சின்னச் சின்ன அட்டைகள்தான் பிரசாரம்!

சித்தப்பா பொண்ணுக்கு அது முதல் ஓட்டு. ஒரு அட்டையோட வந்து நின்னா. ‘‘வேணாம்மா... நான் இன்னும் கிரீன் கார்டுதான். அக்கம்பக்கத்தோட எதுக்கு வம்பு? அசோசியேஷன்ல ஃபைன் போட்டா?’’னு பதறினார் சித்தப்பா. அவ பதில் பேசலை. ‘‘அண்ணா, கார்ல ஏறு’’ன்னா.

போய் இறங்கின ஊர், லடூ. பெரிய மரங்கள், பெரிய பங்களாக்கள், பணக்கார அமைதி. 1990 டிசம்பரில் இங்கே மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி, வளைகுடாப் போர் வேண்டாம்னு 2 அடிக்கு 3 அடி அட்டையைத் தன் வீட்டு முன் நட்டார். அது காணாமல் போச்சு. அடுத்ததைச் சாய்ச்சுட்டாங்க. போலீஸில் சொன்னா, ‘இந்த ஊரில் அட்டை வைக்கிறதே தப்பு’ன்னு பதில்! ‘வீடு விற்பனைக்கு’ன்னு வைக்கலாம், ‘போர் வேண்டாம்’னு வைக்கக் கூடாது. ஊர் அழகு கெட்டுடுமாம்.

விடலை அவர். கோர்ட்டுக்குப் போனார். 1994-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம்! நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வீட்டு வாசலில் வைக்கிற அட்டைக்குச் செலவு குறைவு, சொல்றது யாருன்னும் தெரியும். அதுக்கு ஈடா வேற வழி இல்லை.

‘‘சரி, அசோசியேஷன்?’’னு கேட்டேன். அங்கேதான் ட்விஸ்ட். அந்தத் தீர்ப்பு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், அசோசியேஷன் தனியார். ஆனா, அவங்களும் அரசியல் அட்டையை அடியோட தடுக்க முடியாதுங்கிறது மிசௌரி மாநிலச் சட்டம். அளவு, எண்ணிக்கை, எத்தனை நாள்னு விதி போடலாம். அவ்வளவுதான்.

ராத்திரி சித்தப்பா கண்ணாடி மாட்டிக்கிட்டு விதிப் புத்தகத்தை வரி விடாமப் படிச்சார். காலையில் எட்டிப் பார்த்தா... டேப் வெச்சு அளந்து, ரோட்டோரத்தை விட்டு உள்ளே தள்ளி, அவரே அட்டையை நட்டுட்டு இருக்கார்!

‘‘எனக்குத்தான் ஓட்டு இல்லை... இவளுக்கு இருக்கே!’’

எந்தக் கட்சி அட்டைன்னு கேட்கிறீங்களா? ஸாரி ஃப்ரெண்ட்ஸ், அதைச் சொல்ல வேண்டியது அவ வீட்டு வாசல்!